ஆணி அடிக்கும் முன்னே...

(ஓவியக் கண்காட்சி அமைக்கும் வேலையில் நம் டிப்ளமோ பாடங்கள்)

முன்னாள் மாணவர், அமைப்பியல் துறை



பேரவை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அதுவும் தொழில் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். நான் இதே பாலிடெக்னிக்கில் அமைப்பியல் படித்தவன். சில காலம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, பிறகு அருங்காட்சியகக் கூடங்களிலும் ஓவியக் கூடங்களிலும் கண்காட்சி அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். "படம் மாட்டுறதுக்கு டிப்ளமோ எதுக்குண்ணே?" என்று கேட்காத ஆள் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கண்காட்சி என்றால் திறப்பு விழா, ரிப்பன், குத்துவிளக்கு, பத்திரிகைப் படம் என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால் ஒரு கண்காட்சி வெற்றியா தோல்வியா என்பது திறக்கும் நாளில் தெரியாது. முடித்துக் கழற்றும் நாளில்தான் தெரியும். வந்த பொருள் வந்த மாதிரியே திரும்பிப் போயிற்றா என்பதே கேள்வி. அதற்குப் பக்தியோ பயமோ மட்டும் போதாது, அளக்க வேண்டும். அளக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. பொருள் வந்து இறங்கும்போது

முதல் வேலை பெட்டியைத் திறப்பது அல்ல, திறக்காமல் இருப்பது. வெளியூரிலிருந்து வந்த பெட்டியைக் கூடத்துக்குள் வைத்து 24 மணி நேரமாவது விட வேண்டும். வண்டியின் சூட்டிலிருந்து குளிர்ந்த அறைக்கு வந்த பொருள் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்துக்கு வரட்டும். உடனே பிரித்தால் மரமும் காகிதமும் திடீரென்று சுருங்கவோ விரியவோ பார்க்கும்.

அடுத்து நிலைக் குறிப்பு எழுதுவது. டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போலப் படத்தைப் பார்க்க வேண்டும். டார்ச் விளக்கைப் படத்துக்குப் பக்கவாட்டில், சாய்வாகப் பிடித்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளம், விரிசல், உப்பல் எல்லாம் தெரியும். எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி, போட்டோ எடுத்து, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் தஞ்சாவூர் ஓவியக் கண்காட்சி ஒன்று 45 நாள் நடந்தது. அதற்காக ஒரு வயதான அம்மா தன் வீட்டிலிருந்த வெண்ணெய்க் கண்ணன் படத்தைக் கொடுத்தார். "தம்பி, எங்க மாமியார் என் கல்யாணத்தப்ப கையில குடுத்தது. இதுவரைக்கும் வாசப்படி தாண்டினதில்ல. எப்படிக் குடுக்கிறேனோ அப்படியே வரணும்" என்றார். பார்த்தபோது இடது கீழ் மூலையில் 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு மெல்லிய விரிசல். அந்த அம்மாவுக்கே அது தெரியாது. காட்டினேன், எழுதினேன், அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த 3 செ.மீ. என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தூக்கும் முறையும் உண்டு. படத்தை மேல் சட்டத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். பெரிய படத்துக்கு இரண்டு ஆள். ஒரு நேரத்தில் ஒரு படம். மோதிரம், வாட்ச், பேனா எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும்.

2. சுவருக்கு முன் காகிதம்

நம்ம ஊரில் வழக்கமான முறை என்னவென்றால், எல்லாப் படத்தையும் கூடத்துக்குக் கொண்டு வந்து சுவரோரம் சாய்த்து வைத்து, "அங்க மாட்டு, இல்ல இங்க மாட்டு" என்று நாலு பேர் சொல்வது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் படத்தைத் தூக்க வேண்டும், ஒவ்வொரு தூக்கலிலும் ஆபத்து.

நாங்கள் 1:20 அளவில் கூடத்தின் வரைபடம் போடுவோம். நான்கு சுவருக்கும் தனித்தனியே முகத்தோற்றம். படங்களையும் அதே அளவில் அட்டையில் வெட்டி, காப்பாட்சியரும் நாங்களும் மேஜையில் உட்கார்ந்து நகர்த்திப் பார்ப்போம். சண்டை, சமாதானம் எல்லாம் அட்டையோடு முடிந்துவிடும். இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் தூங்கியவர்கள் கொஞ்சம் எழுந்து உட்காரவும்.

வரைபடத்தில் கதவு திறக்கும் பக்கம், சுவிட்ச் போர்டு, தீயணைப்பான், சக்கர நாற்காலி திரும்புமிடம் எல்லாம் வர வேண்டும். முக்கியமாக வெயில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு விழுகிறது என்பதும் வர வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் குறித்தால்தான் அது தெரியும்.

3. சுவரும் கம்பியும்

சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு செங்கலைப் பிடித்திருக்கிறது. பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு விட்டுவிட்டது, அங்கே எதையும் மாட்டக் கூடாது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புப் பூச்சு கனமாக இருக்கும். சின்ன ஆணி பூச்சிலேயே நின்றுவிடும், செங்கலைத் தொடாது. டிரில் போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் ரால் பிளக் இறங்கி, அதில் ஸ்குரூ முடுக்கினால்தான் பிடிப்பு. ஈரம் கசியும் வெளிச்சுவரில் படமே வேண்டாம்.

இனி கம்பி. கம்பி விறைப்பாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த லாமி தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆணியில் தொங்கும் படத்தில், கம்பி கிடைமட்டத்தோடு செய்யும் கோணத்தைப் பொறுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இழுவிசை மாறும். சூத்திரம் இதுதான்: இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்). 20 கிலோ படத்துக்கு:

கோணம் 60 டிகிரி: 11.5 கிலோ
கோணம் 45 டிகிரி: 14.1 கிலோ
கோணம் 30 டிகிரி: 20 கிலோ
கோணம் 15 டிகிரி: 38.6 கிலோ

அதாவது, கம்பியை இழுத்து விறைப்பாகக் கட்டக் கட்ட, அதே படம் கம்பிக்கு இரண்டு மூன்று மடங்கு கனமாகிவிடுகிறது. அந்த இழுவிசை சட்டத்தின் இரண்டு பக்கங்களையும் உள்நோக்கி வளைக்கவும் செய்யும். பெரிய படத்துக்கு ஒரு ஆணியில் கம்பி போடாமல், இரண்டு பக்கமும் வளையம் வைத்து இரண்டு கொக்கியில் நேராகத் தொங்கவிடுவதே உத்தமம். அப்போது ஆளுக்குப் பாதி எடை, அவ்வளவுதான். படமும் சாயாது.

ஒரு ஊரில் நடந்த கண்காட்சியில் சணல் கயிற்றில் மாட்டியிருந்த படம் ஒன்று மூன்றாம் நாள் இரவு விழுந்தது. ஆணி சுவரிலேயே இருந்தது, கயிறுதான் அறுந்தது. கண்ணாடி உடைந்து ஓவியத்தைக் கிழித்துவிட்டது. அந்த வேலை எங்களுடையது அல்ல. கூட்டிப் பெருக்க உதவிக்குப் போனவர்கள் நாங்கள். அந்த ஓவியரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கொக்கியாக இருந்தாலும் படத்தின் எடையைப் போல் 4, 5 மடங்கு தாங்குமா என்று பார்க்காமல் நான் மாட்டுவதில்லை. பாதுகாப்புக் குணகம் என்று பரீட்சைக்குப் படித்தோமே, அது இதுதான்.

4. எந்த உயரம்?

படத்தின் மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைப்பவர்கள் உண்டு, கீழ் விளிம்பை வைப்பவர்கள் உண்டு. அருங்காட்சியகங்களில் பரவலாக உள்ள பழக்கம், எல்லாப் படங்களின் நடுப்புள்ளியையும் ஒரே உயரத்தில், அதாவது தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ.க்குள் வைப்பது. நிற்கிறவரின் கண் மட்டம் அது. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் கொஞ்சம் இறக்கலாம்.

கொக்கி உயரத்துக்குக் கணக்கு:

கொக்கி உயரம் = நடு உயரம் + சட்டத்தின் பாதி உயரம் − சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கம்பி வரை உள்ள இறக்கம்.

சட்டம் 80 செ.மீ. உயரம், கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. இறக்கம், நடு உயரம் 150 என்றால்: 150 + 40 − 10 = 180 செ.மீ. முடிந்தது. சுவரில் ஒரே ஒரு ஓட்டை. கணக்குப் போடாதவர்கள் மாட்டும் சுவரைப் பாருங்கள், படத்துக்குப் பின்னால் அம்மை வடு மாதிரி ஏழெட்டு ஓட்டை இருக்கும்.

தரையை நம்பி அளக்காதீர்கள். பழைய கூடங்களில் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும். டியூப் மட்டம் பிடித்துச் சுவர் முழுக்க ஒரு நூல் கட்டி, அதிலிருந்து அளப்பதே சரி. கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

5. வெளிச்சம் என்கிற மெதுவான நெருப்பு

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். விழுந்த சட்டத்தை ஆசாரி சரி செய்வார். வெளிச்சத்தில் வெளுத்த வண்ணத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வீட்டு வாசலில் தொங்கும் காலண்டர் ஒரே வருடத்தில் நீலம் பாய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதிதான் நீர்வண்ண ஓவியத்துக்கும், பழைய போட்டோவுக்கும், பட்டுத் துணிக்கும்.

லண்டன் நேஷனல் கேலரியில் விஞ்ஞானியாக இருந்த கேரி தாம்சன் 1978-ல் அருங்காட்சியகச் சூழல் பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பாடமாயிற்று. அவர் சொன்ன அளவுகள்: காகிதம், துணி, நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ். நாம் படிக்கும் மேஜையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். நேர் வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும்.

சேதம் லக்ஸை மட்டும் பொறுத்ததல்ல, லக்ஸையும் நேரத்தையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், 45 நாள் என்றால் 50 × 8 × 45 = 18,000 லக்ஸ்-மணி. இதே அளவு வெளிச்சத்தை உச்சி வெயில் எத்தனை நேரத்தில் கொடுக்கும்? சுமார் 11 நிமிடத்தில்! வண்டியிலிருந்து இறக்கிய படத்தை "ஒரு டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று வெயிலில் சாய்த்து வைத்தால், ஒரு முழுக் கண்காட்சியின் வெளிச்சத்தை அது டீ ஆறுவதற்குள் குடித்துவிடும். அதேபோல் 500 லக்ஸ் போட்டால், பத்துக் கண்காட்சியில் ஆக வேண்டிய தேய்மானம் ஒன்றிலேயே ஆகிவிடும்.

"50 லக்ஸ் போட்டா இருட்டா இருக்கே சார்" என்று வருபவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். வெளி வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்தால் யாருக்கும் இருட்டுதான். அதனால் வாசலில் கொஞ்சம் கூடுதலாக, அடுத்த அறையில் குறைவாக, உள்ளே போகப் போக இன்னும் குறைவாக வைத்தால் கண் பழகிவிடும். சுவருக்கு மங்கலான வண்ணம் பூசினால் படம் தானாகவே எடுத்துக் காட்டும்.

விளக்கு எங்கே வர வேண்டும்? செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வில் ஒளி படத்தின் நடுவில் விழ வேண்டும். அதற்கு மேல் சாய்ந்தால் கண்ணாடியில் பளபளப்பும், பார்ப்பவரின் நிழலும் விழும். அதற்குக் கீழே வந்தால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும். விளக்கு 3.5 மீட்டர் உயரத்தில், படத்தின் நடு 1.5 மீட்டரில் என்றால், உயர வித்தியாசம் 2 மீட்டர். 2 × டான் 30 = 1.15 மீட்டர். சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி விளக்கு வர வேண்டும்.

முன்பு ஆலஜன் விளக்கின் சூடும், டியூப் லைட்டின் புற ஊதாக் கதிரும் பெரிய தலைவலி. இப்போது தரமான எல்.இ.டி. விளக்கில் புற ஊதா மிகக் குறைவு. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் அது உண்டு, சாதாரணக் கண்ணாடி அதை முழுதாகத் தடுக்காது. லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் வரும் அளவு குத்துமதிப்புக்குத்தான் ஆகும்.

6. ஈரமும் ஏசியும்

தஞ்சாவூர் ஓவியம் ஒரே பொருள் அல்ல. மரப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, அதன் மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, அதன் மேல் தங்க ரேக்கும் கல்லும் வண்ணமும். ஈரம் ஏறினால் பலகை விரியும், இறங்கினால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அத்தனை தூரம் கூட வராது. அங்கேதான் விரிசல் பிறக்கிறது.

நான் சொன்ன அந்தக் கண்காட்சியில் புது ஏசி போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் பெருமை. காலை 10 மணிக்குப் போடுவார்கள், மாலை 6 மணிக்கு நிறுத்திவிடுவார்கள், கரண்ட் பில் கவலை. நான் ஈரமானியை வைத்துப் பார்த்தேன். பகலில் 50-ஐ ஒட்டி இருந்த ஒப்பு ஈரப்பதம், மறுநாள் காலை கதவைத் திறக்கும்போது 70-ஐத் தாண்டி நின்றது. தினம் ஒரு முறை பலகை மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது என்று அர்த்தம். 45 நாளில் 45 தடவை.

நான் போய்ச் சொன்னேன்: "சார், ஒண்ணு ராத்திரியும் ஏசி ஓடணும், இல்லைன்னா பகல்லயும் வேண்டாம். ஃபேன் போட்டுக் காத்தோட்டமா வெச்சா போதும்." அங்கிருந்த ஒரு அதிகாரிக்குக் கோபம். "வி.ஐ.பி. வர்ற இடத்துல ஏசி இல்லாமலா?" என்றார். காப்பாட்சியர் மட்டும் ஈரமானி எண்களை நான்கு நாள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். ஏசி நின்றது. படங்கள் இருந்த கூடத்தில் ஃபேன், பேச்சு நடந்த பக்கத்து அறையில் ஏசி என்று முடிவாயிற்று. வாயால் வாதாடியிருந்தால் நான் தோற்றிருப்பேன். எண்கள்தான் பேசின.

வெண்கலச் சிலைகளுக்கு வேறு சிக்கல். மண்ணில் கிடந்த சிலைக்குள் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், ஈரம் பட்டதும் வெளிர் பச்சைப் பொடி பூக்கும். வெண்கல நோய் என்பார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் இதற்குச் சிகிச்சை செய்து காட்டினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சை ஆராய்ந்தவரும் அவர்தான். மின்பகுப்பு நாம் முதலாண்டு வேதியியலில் படித்ததுதானே! நோய் வராமல் காக்க, கண்ணாடிப் பேழைக்குள் சிலிகா ஜெல் வைத்து ஈரத்தைக் குறைவாக வைப்பது வழி. பேழையைப் புதுப் பிளைவுட்டில் செய்து உடனே மூடிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்துக்கும் காகிதத்துக்கும் ஆகாது. புதுப் பெயிண்ட் வாசனை போகும் வரைக்கும் பொருளை உள்ளே கொண்டு வரக் கூடாது.

7. கல்லும் தளமும்

அமைப்பியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 120 × 60 × 30 செ.மீ. கருங்கல் பாளம், ஒரு கன மீட்டருக்கு 2,650 கிலோ என்றால் எடை சுமார் 570 கிலோ. அடிப்பரப்பு 0.18 சதுர மீட்டர். ஆக, தளத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 3,000 கிலோவுக்கு மேல். நம் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி அருங்காட்சியகத் தளத்துக்குச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ. மாடியில் இந்தக் கல்லை அப்படியே நிறுத்தலாமா? 1.2 மீட்டர் சதுரமான விறைப்பான பீடம் போட்டால் சுமை பரவி அந்த அளவுக்கு இறங்கும். அதற்குப் பிறகும் உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, கட்டடப் பொறியாளரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். முடிந்தால் கல் சிற்பத்துக்குத் தரைத்தளமே நல்லது.

இன்னொரு பாடம் எழும்பூரிலிருந்தே. அமராவதியிலிருந்து சென்னைக்கு வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவரோடு சேர்த்துப் பதித்துவிட்டார்கள். அன்றைக்கு அது பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். பிற்காலத்தில் சுவரின் ஈரமும் உப்பும் கல்லைப் பாதித்தன. கழற்றுவதும் லேசான வேலையாக இல்லை. ஆகவே எங்கள் தொழிலில் ஒரு விதி: பொருளுக்குச் சேதமில்லாமல் கழற்ற முடியாத எதையும் பொருத்தாதே. பசை, சிமெண்ட், பொருளின் மேல் துளை எதுவும் கூடாது.

8. பெயர்ச்சீட்டு

எழுத்து சிறுத்துவிட்டால் வயதானவர்கள் படத்தை விட்டுவிட்டுச் சீட்டோடு மல்லுக்கட்டுவார்கள். தமிழ் எழுத்து 20 புள்ளிக்குக் குறையாமல், வெளிர் தாளில் கறுப்பு மையில், படத்தின் ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஓவியர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

9. கழற்றும் நாள்

திறப்பு விழாவுக்கு ஐம்பது பேர் உதவிக்கு வருவார்கள். கழற்றும் நாளில் யாரும் இருக்க மாட்டார்கள். களைப்பும் அவசரமும் சேரும் நேரம் அதுதான், அதனால் அன்றைக்கும் அதே ஆட்கள், அதே நிதானம் வேண்டும். நிலைக் குறிப்பை எடுத்து, அதே டார்ச், அதே சாய்வு, அதே அளவுகோல் கொண்டு பார்க்க வேண்டும்.

வெண்ணெய்க் கண்ணனின் இடது கீழ் மூலையைப் பார்த்தேன். விரிசல் 3 செ.மீ. ஒரு நூல்கூட வளரவில்லை. அந்த அம்மா அளவுகோலைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

நிறைவாக...

தம்பி, தங்கைகளே! நீங்கள் எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மெக்கானிக்ஸ், டிராயிங், வேதியியல், மின்னியல் என்று தனித்தனியாகப் படிப்பவை ஒரே சுவரில் ஒன்றாகச் சேரும் இடம் இது. அருங்காட்சியகங்களுக்குக் கலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அளக்கத் தெரிந்து, பொறுமையாக வேலை செய்யும் கைகள்தான் குறைவு.

ஒரு யோசனை. வருடா வருடம் பேரவை விழாவில் மாணவர் ஓவியங்களை செலோ டேப் போட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். விழா முடிந்ததும் பாதி கிழிந்து குப்பைக்குப் போகிறது. இந்த வருடம் ஒரு குழு அமையுங்கள். ஒரு டேப், ஒரு ரசமட்டம், ஒரு நூல்கண்டு, ஒரு லக்ஸ் மீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரைபடம் போட்டு, கணக்குப் போட்டு மாட்டிப் பாருங்கள். முடிந்ததும் ஒவ்வொரு ஓவியத்தையும் வரைந்தவர் கையிலேயே, கிழியாமல் திருப்பிக் கொடுங்கள். மாட்டுவதற்கு நான் வந்து உதவத் தயார். கழற்றும் நாளிலும் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவேன்.